மதில்மேல் திப்பு: கில்ரேயின் கேலிப்படம் யாரைப் பற்றியது?

1791 டிசம்பரில் லண்டனில் ஹன்னா ஹம்ப்ரி வெளியிட்ட ஓர் அச்சுப்படம், இன்றும் மைசூர்க்காரர்களிடையே தங்கள் ஊரை ஆண்ட திப்பு சுல்தானின் வீரத்துக்கு எதிரியே எழுதிக்கொடுத்த சான்றாகச் சுற்றிவருகிறது. வரைந்தவர் ஜேம்ஸ் கில்ரே. ஸ்ரீரங்கப்பட்டணத்து மதில்மேல் நின்று திப்பு சிறுநீர் கழிக்கிறார். கீழே ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் தப்பி ஓடுகிறார். தலைப்பு, 'பருவமழையின் வருகை, அல்லது ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பின்வாங்கல்'. இது திப்புவுக்குக் கிடைத்த மரியாதை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோட்டின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் இந்த முறையில் கை வேகமாக ஓடும். கில்ரேயின் கோபமும் அதே வேகத்தில் இறங்குகிறது. மேலே நிற்பவன், கீழே ஓடுபவன், இருவரையும் இணைக்கும் அந்த நீர்த்தாரை: படம் முழுவதும் இந்தச் சரிவில்தான் நிற்கிறது. கண் மேலிருந்து கீழே வழுக்கிவந்து கார்ன்வாலிஸின் மேல்தான் விழும். தலைப்பைப் படிக்காதவருக்கும் யார் தோற்றது என்று புரிந்துவிடும். இந்த அளவில் இது முதல்தரமான வேலை.

உருவப்படமாக எடுத்துக்கொண்டால் பாதிதான் தேறுகிறது. கார்ன்வாலிஸ் லண்டன் அறிந்த முகம். 1781இல் யார்க்டவுனில் சரணடைந்தவர். அறிந்த ஒருவரைச் சிதைத்தால்தான் கேலி கடிக்கும். திப்புவையோ கில்ரே கண்டதில்லை, இந்தியாவுக்கு வந்ததுமில்லை. அதனால் மதில்மேல் நிற்பது தலைப்பாகை கட்டிய ஏதோ ஒரு கீழைநாட்டு அரசன். கார்ன்வாலிஸை நனைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. திப்பு அதற்குப் பயன்பட்டார், அவ்வளவே.

நடந்ததையும் படம் சுருக்கிவிடுகிறது. 1791 மே 15 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த அரகெரே அருகே நடந்த சண்டையில் கார்ன்வாலிஸ் தோற்கவில்லை. தீனியின்றி மாடுகள் செத்தன, உணவு தீர்ந்தது, மழை பிடித்துக்கொண்டது. முற்றுகைப் பீரங்கிகளைத் தன் கையாலேயே அழித்துவிட்டு பெங்களூருக்குத் திரும்பினார். மழையைத் தலைப்பில் ஏற்றிய கில்ரே, செத்த மாடுகளைக் கண்டுகொள்ளவில்லை. என் கணக்கில் பெரிய இழப்பு அதுதான்.

மைசூரிலிருந்து சற்றுத் தொலைவில், தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில், 1780இல் மைசூர்ப் படை ஆங்கிலேயரை வென்ற பொள்ளிலூர்ப் போரின் ஓவியம் இருக்கிறது. அதற்கும் ஏளனம் தெரியும்: தாமதமாக வந்த ஹைதராபாத் நிஜாமுக்குப் பக்கத்தில் பசுவும் பன்றியும். வரிசை வரிசையாக ஒரே முகம் கொண்ட சிப்பாய்கள் அதன் குறை. திப்புவைக் கறையே இல்லாதவராகக் காட்டுவது முகஸ்துதி. ஆனால் பல்லக்கில் காயத்தோடு கிடக்கும் ஆங்கிலேயப் படைத்தலைவர் கர்னல் பெய்லி விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். தோற்ற எதிரியின் மனதுக்குள் ஒரு கணம் எட்டிப்பார்க்கிற விரல் அது. கில்ரே திப்புவுக்கு அப்படி ஒரு கணத்தைத் தரவில்லை.

ஆங்கிலேயர் தம் தளபதியைத் திட்டிய படங்களில் இதை உயரத்தில் வைப்பேன். திப்புவின் படங்களுக்கான சுவரில் இதற்கு இடமில்லை.