செவ்வியல் ராக் இசைத்தொகுப்புகளின் மோனோ, ஸ்டீரியோ வடிவங்கள்: ஓர் ஒப்பீடு

1960களில் வெளிவந்த ராக் இசைத்தொகுப்புகளுள் பல, ஒரே பெயருடனும் ஒரே அட்டைப்படத்துடனும் மோனோ, ஸ்டீரியோ என்ற இரு வடிவங்களில் விற்கப்பட்டன. மோனோ வடிவில் முழு இசையும் ஒரே ஒலித்தடத்தில் அமையும். எத்தனை ஒலிபெருக்கிகளை இணைத்தாலும் எல்லாவற்றிலும் ஒரே ஒலிதான் கேட்கும். ஸ்டீரியோ வடிவில் இடம், வலம் என இரு தடங்கள் உண்டு. ஒரு கருவி இடப்பக்கமும் மற்றொன்று வலப்பக்கமும் ஒலிக்கலாம். இரண்டிலும் சம அளவில் வரும் குரல் நடுவில் நிற்பதுபோல் தோன்றும்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பின் வண்ணப் படம் வந்ததைப் போல, மோனோவுக்குப் பின் அதைவிட மேம்பட்ட ஸ்டீரியோ வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். இந்த ஒப்புமை 1960களின் ராக் இசைக்குப் பொருந்தாது. அக்காலத் தொகுப்புகள் பலவற்றில் இரு வடிவங்களும் தனித்தனியே, வெவ்வேறு நாள்களில் உருவாக்கப்பட்டன. அதனால் பாடலின் வேகம், சுருதி, நீளம், கேட்கும் ஒலிகள் ஆகியவைகூட வடிவத்துக்கு வடிவம் மாறுகின்றன. எது தெளிவாகக் கேட்கிறது என்ற வினாவுக்கு முன், எதைக் கலைஞரின் படைப்பாகக் கொள்வது என்ற வினா எழுகிறது.

ஒலிக்கலவை என்னும் பணி

பாடகரும் வாத்தியக்காரர்களும் இசைத்தவை ஒலிநாடாவில் இரண்டு அல்லது நான்கு தடங்களில் பதிவு செய்யப்பட்டன. அவற்றில் எது உரத்து ஒலிக்க வேண்டும், எது பின்னால் நிற்க வேண்டும், எதற்கு எவ்வளவு எதிரொலி தேவை, பாடல் எங்கே தேய்ந்து மறைய வேண்டும் என்று தீர்மானித்து, இறுதி நாடாவை உருவாக்குவது ஒலிக்கலவை எனப்படும். அன்று இது பெரும்பாலும் கையால் செய்யப்பட்ட வேலை. பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக் குமிழ்களைத் திருப்பி, எதிரொலியைச் சேர்த்து, நாடாவின் வேகத்தை மாற்றிச் செய்தனர். ஆகவே ஒவ்வொரு கலவையும் மறுபடி அப்படியே செய்ய முடியாத ஒரு நிகழ்த்துதலாக இருந்தது.

மோனோவில் இடம் வலம் என்று பிரித்து வைக்க வழியில்லை. இரு கிட்டார்கள் ஒன்றையொன்று மறைக்காதிருக்க வேண்டுமானால், ஒன்றின் கனத்தைக் குறைக்க வேண்டும், மற்றொன்றின் கூர்மையைக் கூட்ட வேண்டும், அல்லது ஒன்றை எதிரொலியால் பின்னுக்குத் தள்ள வேண்டும். இந்த நெருக்கடியே நல்ல மோனோ கலவைக்குத் திண்மையைத் தருகிறது. ஸ்டீரியோவில் கருவிகளைத் தள்ளித் தள்ளி வைத்துவிடலாம். தெளிவு எளிதில் கிடைக்கும். ஆனால் குழுவினர் ஒன்றாக வாசிக்கும் உணர்வு கலைந்துவிடவும் கூடும்.

ஸ்டீரியோ பின்னால் நின்ற காலம்

ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கான அடிப்படைக் காப்புரிமையை, இங்கிலாந்தின் இஎம்ஐ நிறுவனப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931இல் விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாகச் சந்தைக்கு வந்தது 1958இல்தான். அப்போதும் அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் ஜாஸையும் விரும்பிய, வசதியுள்ள பெரியவர்கள். ராக் இசை கேட்ட இளைஞர்களிடம் இருந்தவை ஒரே ஒலிபெருக்கி கொண்ட சிறு பெட்டிகளும் டிரான்சிஸ்டர் வானொலிகளும்தாம். எனவே குழுக்களும் தயாரிப்பாளர்களும் மோனோ கலவையிலேயே கவனம் செலுத்தினர். ஸ்டீரியோ பெரும்பாலும் பின்னர், சில வேளைகளில் அவசரமாக, முடிக்கப்பட்டது.

பீட்டில்ஸ் குழுவின் முதல் தொகுப்பான 'பிளீஸ் பிளீஸ் மீ' (1963) இதற்குத் தெளிவான சான்று. அதன் 14 பாடல்களில் 10 பாடல்கள் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் இருதட நாடாவில் பதிவாயின. ஒரு தடத்தில் குரல்கள், மற்றொன்றில் வாத்தியங்கள். மோனோ கலவையின்போது குரலையும் வாத்தியத்தையும் சமன்செய்ய வசதியாக இருக்கும் என்பதற்காகவே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அவ்வாறு பிரித்துப் பதிவு செய்தார். ஆனால் ஸ்டீரியோ தட்டில் அத்தடங்களே இடப்பக்கம் வாத்தியம், வலப்பக்கம் குரல் என வெளிவந்தன. ஹெட்போனில் கேட்பவருக்கு, நான்கு பேர் ஒரு கூடத்தில் நின்று பாடுவதாகத் தோன்றாது. ஒரு காதில் பாட்டும் மறுகாதில் பக்கவாத்தியமும் ஒலிப்பதாகவே படும். வேலைக்கான சாரத்தைக் கட்டடம் என்று விற்றதற்கு ஒப்பானது இது. இத்தொகுப்பைப் பொறுத்தவரை மோனோ வடிவமே படைப்பு என்று தயக்கமின்றிக் கூறலாம்.

சார்ஜன்ட் பெப்பர்: இரண்டு பாடங்கள்

1967இல் வெளிவந்த 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' தொகுப்பில் வேறுபாடுகள் நுட்பமானவை. மோனோ கலவையைப் பீட்டில்ஸ் குழுவினர் உடனிருந்து கவனித்தனர். ஸ்டீரியோ கலவையை மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் குழுவினர் இல்லாமலேயே, மிகக் குறைந்த நேரத்தில் முடித்தனர்.

'ஷீ இஸ் லீவிங் ஹோம்' பாடல் மோனோவில் வேகமாகவும் ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்தும் ஒலிக்கிறது. வீட்டைவிட்டு வெளியேறும் பெண்ணின் கதையில் ஓர் அவசரமும் இளமையும் சேர்கின்றன. ஸ்டீரியோவில் அதே பாடல் தாழ்ந்து, நீண்டு, துயரப் பாட்டாகிவிடுகிறது. 'லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்' பாடலின் மோனோ வடிவில் குரல் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் நெளிகிறது. ஸ்டீரியோவில் அந்த நெளிவு மிகக் குறைவு. கனவைப் பற்றிய பாடலுக்கு அந்த நெளிவு அலங்காரம் என்று தள்ளத்தக்கதா என்பது சிந்திக்க வேண்டியது. தலைப்புப் பாடல் மீண்டும் வரும் இடத்தின் முடிவில் மோனோவில் பால் மெக்கார்ட்னியின் கூவல் நன்கு கேட்கிறது. ஸ்டீரியோவில் அது ஏறக்குறைய அமிழ்ந்துவிடுகிறது.

ஆயினும் எல்லா இடங்களிலும் மோனோவே மேல் என்று சொல்லிவிட முடியாது. 'குட் மார்னிங் குட் மார்னிங்' பாடலின் இறுதியில் வரும் கோழியின் கொக்கரிப்பு அடுத்த பாடலின் கிட்டார் ஒலியாக மாறும் இடம் ஸ்டீரியோவில்தான் பொருத்தமாக இணைகிறது. 'எ டே இன் த லைஃப்' பாடலில் ஜான் லெனனின் குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல நகர்வது, மோனோவில் இயலாத ஒரு தனிமையுணர்வைத் தருகிறது. குழுவினர் உடனிருந்தனர் என்பது மோனோவின் அதிகாரத்துக்குச் சான்று. அதன் ஒவ்வொரு முடிவும் சிறந்தது என்பதற்குச் சான்றாகாது.

அடுத்த ஆண்டு வெளியான 'த பீட்டில்ஸ்' தொகுப்பில் வேறுபாடு பாடலின் உடலையே தொட்டது. 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஸ்டீரியோவில் ஒருமுறை தேய்ந்து மறைந்து, மீண்டும் எழுந்து, விரல்களில் கொப்புளம் கண்டுவிட்டதாக ரிங்கோ ஸ்டார் அலறுவதோடு முடிகிறது. மோனோவில் அந்த அலறலே இல்லை; பாடலும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான அளவு சிறியது. அந்த அலறலை வைத்துப் பாடலின் வெறியை விளக்கும் விமர்சகர், தாம் அறியாமலேயே ஒரு வடிவத்தை மட்டும் விமர்சிக்கிறார்.

போலி ஸ்டீரியோவும் இயலாத ஸ்டீரியோவும்

பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) மோனோவிலேயே உருவானது. அதன் படைப்பாளி பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காது. 'ஒலிச்சுவர்' என்று பெயர்பெற்ற ஃபில் ஸ்பெக்டரின் முறையை அவர் பின்பற்றினார். அம்முறையில் பல கருவிகள் ஒரே சுரத்தைச் சேர்ந்து வாசிக்க, எது எந்தக் கருவி என்று பிரித்தறிய முடியாத புதிய ஒலி பிறக்கும். அந்நாளில் கேப்பிட்டல் நிறுவனம் இதன் மோனோ நாடாவையே எடுத்து, ஒரு பக்கம் கனத்த ஒலிகளும் மறுபக்கம் மெல்லிய ஒலிகளும் மிகுமாறு வடிகட்டி, 'டுவோஃபோனிக்' என்ற பெயரில் விற்றது. இது போலி ஸ்டீரியோ. ஒரே ஒலியைக் கலங்கலாக்கியதைத் தவிர அதில் வேறு பயனில்லை.

உண்மையான ஸ்டீரியோ வடிவம் 1997இல்தான், மார்க் லினெட்டின் கலவையில், 'த பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ்' பெட்டகத்தில் வெளிவந்தது. வாத்தியங்களின் நாடாவும் குரல்களின் நாடாவும் தனித்தனியே இருந்ததால், கணினி உதவியுடன் இரண்டையும் இணைத்தே அதனை ஆக்க முடிந்தது. மாணவருக்கு இது அரிய கொடை: எந்தெந்தக் கருவிகள் சேர்ந்து அந்த மாய ஒலியை உண்டாக்கின என்று தனித்தனியே கேட்கலாம். ஆனால் சேர்ந்ததால் பிறந்த ஒலி, பிரித்ததும் மறைகிறது. குழம்பின் சேர்மானங்களைத் தட்டில் பரப்பி வைத்தால் பாடம் கிடைக்கும், குழம்பு கிடைக்காது.

ஸோம்பீஸ் குழுவின் 'ஒடிசி அண்ட் ஆரக்கிள்' (1968) கதை வேறு. மோனோ கலவை முடிந்த பிறகு நிறுவனம் ஸ்டீரியோவும் வேண்டும் என்றது. அதற்கான செலவைப் பாடலாசிரியர்களான ராட் ஆர்ஜென்ட்டும் கிறிஸ் ஒயிட்டும் தங்கள் பணத்திலிருந்தே கொடுத்தனர். 'திஸ் வில் பி அவர் இயர்' பாடலின் பித்தளை ஊதுகருவிகள் மோனோ கலவையின்போதே நேரடியாகச் சேர்க்கப்பட்டிருந்தமையால், அவற்றுக்குத் தனித்தடம் இல்லை. எனவே அப்பாடலுக்கு மட்டும் போலி ஸ்டீரியோவே இடம்பெற்றது.

ஸ்டீரியோவே படைப்பான இடங்கள்

மறுதட்டிலும் எடை உண்டு. பிங்க் ஃபிளாய்டின் முதல் தொகுப்பான 'த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்' 1967 ஆகஸ்டில் இரு வடிவங்களிலும் வந்தது. அதிலுள்ள நீண்ட கருவியிசையான 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' மோனோவில் அடர்ந்து மோதுகிறது. ஸ்டீரியோவில் அதன் இறுதிப் பகுதி இடத்திலிருந்து வலத்துக்கும் வலத்திலிருந்து இடத்துக்கும் தாவித் தாவிக் கேட்பவரின் தலையைச் சுற்றவைக்கிறது. விண்வெளிப் பயணம் என்ற கருத்து அந்தத் தாவலில்தான் உருப்பெறுகிறது.

ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்' (1967) தொகுப்பில் இது இன்னும் தெளிவு. ஒலிப்பதிவாளர் எடி கிராமரும் ஹென்ட்ரிக்ஸும் இடம் வலம் என்பதை ஒரு வாத்தியம்போலவே பயன்படுத்தினர். தொடக்கத்தில் கிட்டார் கேட்பவரைச் சுற்றிவருகிறது; இறுதிப் பாடலில் முரசொலி இருபுறமும் சுழன்று பரவுகிறது. இத்தொகுப்பை மோனோவில் மட்டும் கேட்டவர் இசையைக் கேட்டிருப்பார். அது நடக்கும் வெளியைக் கேட்டிருக்க மாட்டார். 1969இல் வந்த பீட்டில்ஸின் 'ஆபி ரோடு' தொகுப்புக்கு மோனோ கலவையே செய்யப்படவில்லை. அதற்குள் காலம் மாறிவிட்டது.

பின்னாளைய மீட்பும் புதிய சிக்கலும்

1960களின் இறுதியில் நிறுவனங்கள் மோனோ தட்டுகளைக் கைவிட்டன. அடுத்து வந்த தலைமுறைகள் பெரும்பாலும் ஸ்டீரியோ வடிவங்களையே கேட்டு வளர்ந்தன. 2009 செப்டம்பர் 9 அன்று பீட்டில்ஸின் மோனோ தொகுப்புகள் குறுந்தட்டுப் பெட்டகமாக வந்தபோதுதான் வேறுபாடுகள் பரவலாகத் தெரியவந்தன. பாப் டிலனின் முதல் எட்டுத் தொகுப்புகளின் மோனோ வடிவங்கள் 2010இலும், ரோலிங் ஸ்டோன்ஸின் மோனோ பெட்டகம் 2016இலும் வெளியாயின.

இதன் பின்னர் மூன்றாவது வகை வடிவங்களும் சேர்ந்தன. ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின் 2017இல் 'சார்ஜன்ட் பெப்பர்' தொகுப்பைப் புதிதாக ஸ்டீரியோவில் கலந்தபோது, பழைய மோனோ கலவையை வழிகாட்டியாகக் கொண்டார். 2022இல் 'ரிவால்வர்' தொகுப்புக்கு, ஒரே தடத்தில் கலந்திருந்த கருவிகளைக் கணினியால் பிரிக்கும் நுட்பம் பயன்பட்டது. 'டாக்ஸ்மேன்' பாடலில் 1966இன் ஸ்டீரியோ வடிவில் ஒரே பக்கம் குவிந்திருந்த கிட்டாரும் முரசும் இப்போது தனித்தனி இடம் பெற்றுள்ளன. கேட்க இனிமையாக உள்ளது. ஆனால் 1966இல் எவரும் இதனைக் கேட்டதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மதிப்பீடு

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தாம் ஏற்ற பாடத்தை மேலே அச்சிட்டு, பாடபேதங்களைக் கீழே குறித்தார். எந்தச் சுவடியில் எது உள்ளது என்று அறியாமல் உரை எழுதினால் என்ன ஆகும் என்பது தமிழ் மாணவர் அறிந்ததே. இசைத்தொகுப்பைப் பற்றி எழுதுவோரும் இந்த முறையைக் கைக்கொள்ளலாம். 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' பாடலின் சுருதியையோ 'ஹெல்டர் ஸ்கெல்டர்' பாடலின் நீளத்தையோ குறிப்பிடும்போது, எந்த வடிவம் என்று சொல்லாவிட்டால் அத்தகவல் பாதி உண்மையே.

எந்த வடிவம் மேல் என்பதற்கு ஒரே விடை இல்லை என்றாலும் மூன்று வினாக்கள் உதவும். கலவையின்போது கலைஞர் உடனிருந்தாரா? ஒலிகளை இடம் வலமாக வைத்தது பாடலின் பொருளுக்குத் துணைசெய்கிறதா, அல்லது பதிவு வசதியால் நேர்ந்த விளைவா? ஸ்டீரியோ உண்மையானதா, மோனோவிலிருந்து செய்யப்பட்ட போலியா? இவ்வினாக்களின்படி 'பிளீஸ் பிளீஸ் மீ', 'பெட் சவுண்ட்ஸ்' ஆகியவற்றுக்கு மோனோவும், 'ஆக்சிஸ்' தொகுப்புக்கு ஸ்டீரியோவும் முதன்மை பெறும். 'சார்ஜன்ட் பெப்பர்' தொகுப்புக்கு மோனோவை மூலபாடமாகக் கொண்டு ஸ்டீரியோவைப் பாடபேதமாகக் கேட்பது தகும்.

ஒப்பிட்டுக் கேட்க விரும்புவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இரு வடிவங்களையும் ஒரே ஒலியளவில் வைக்க வேண்டும். உரத்து ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். இரண்டாவது, ஸ்டீரியோவைக் கருவியின் பொத்தானால் மோனோவாக்கிக் கேட்பது மூல மோனோ ஆகாது. அவ்வாறு சேர்க்கும்போது நடுவில் உள்ள குரல் மிகுந்து, ஓரங்களில் உள்ளவை குறையும். வேகமும் நீளமும் ஸ்டீரியோவினுடையவையாகவே இருக்கும். 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' பாடலின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் இவ்வேறுபாடு பயிற்சியில்லாத காதுக்கும் புலப்படும்.