சாரல் காலத்துச் சலுகை

ஆல்ப்ஸ் மலைக்காரர்களுக்குப் பனிச்சறுக்கும் வெந்நீர் ஊற்றும் உண்டு. சங்கரன்கோவில்காரர்களுக்குக் குற்றாலம். ஆனி, ஆடியில் நம்மூரில் காற்று மட்டும் புழுதியை வாரி இறைக்கும். மழை மலைக்கு அந்தப் பக்கமே தங்கிவிடும். ரயிலேறிக் கடையநல்லூரைத் தாண்டித் தென்காசியில் இறங்கினால் முகத்தில் சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கசியவிடும் ஈரம் அது.

பேரருவியின் சூட்சுமம் பொங்குமாங்கடல்தான். சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து சிற்றாறு நேரே தலையில் விழுந்தால் யார் தாங்குவது? நடுவழியில் பாறைக்குழி ஒன்று அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது. நிரம்பி, பொங்கி, பாறையில் பரவித்தான் தண்ணீர் கீழே வருகிறது. அப்படியும் முதல் அடி தோளில் உலக்கை போல விழும். மூச்சு முட்டும். அப்புறம் வெளியே வர மனசு வராது. போலீஸ் விசில்தான் கரையேற்ற வேண்டும்.

உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போவது பழைய பழக்கம். இப்போது அங்கே எண்ணெய், சோப்பு, ஷாம்பூவுக்குத் தடை. மலைத்தண்ணீருக்கு நல்லது, ஒரு சுகம் குறைந்ததும் உண்மை.

ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் அவரவர் ருசி. குளித்து முடித்ததும் எடுக்கும் பசிக்கு மட்டும் மாற்றுக் கருத்தே கிடையாது: செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டர், பரோட்டா, கோழிச் சால்னா.