இலங்கைக் கணக்கெடுப்பில் மலையகத் தமிழர்: எண்ணும் பெயரும்

இலங்கையில் 2012ஆம் ஆண்டு எடுக்கப்பெற்ற மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என்னும் பிரிவில் 839,504 பேர் பதிவாயினர், இது 4.1 விழுக்காடு. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதே பிரிவு 'மலையகத் தமிழர்' என்னும் பெயரையும் சேர்த்துக்கொண்டு 2.8 விழுக்காடாகச் சுருங்கிற்று. பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் குறைவு. இதனை ஒரு சமூகத்தின் தேய்வு எனக் கொள்வது எளிது. நாம் அவ்வாறு கொள்வதற்கில்லை.

இந்தியாவுக்குத் திருப்பியனுப்பும் கப்பற் போக்குவரத்து 1984இலேயே நின்றுவிட்டது. வேலை தேடி வெளிநாடு சென்றோர் உளர் எனினும், அவர்கள் மட்டும் இத்துணைப் பெரிய குறைவை விளக்கமாட்டார்கள். அதே காலத்தில் 'இலங்கைத் தமிழர்' 11.1 விழுக்காட்டிலிருந்து 12.3 விழுக்காட்டுக்கு உயர்ந்துள்ளனர். ஆகவே மக்களில் ஒரு பகுதியினர் மறையவில்லை. வேறொரு பிரிவில் தம்மைப் பதிந்துகொண்டனர் என்பதே பொருந்தும் விளக்கமாகும்.

இவ்விரு பிரிவுகளும் தொன்றுதொட்டு வந்தவை அல்ல. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் ஆங்கில ஆட்சியினர் தமிழரை இரண்டாகப் பிரித்து எண்ணினர். அன்று இரு பிரிவினரும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையினர். நிர்வாக வசதிக்காக இடப்பட்ட அக்கோடு, விடுதலைக்குப் பின் குடியுரிமையின் எல்லைக்கோடாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன.

இங்கு ஆய்வாளர் பலர் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. சோல்பரி அரசியலமைப்பின்படி, தேர்தல் தொகுதிகள் வாக்காளர் தொகையைக் கொண்டு வகுக்கப்படவில்லை. 75,000 மக்களுக்கு ஒரு தொகுதி என்னும் கணக்கிலும், நிலப்பரப்பின் அடிப்படையிலும் வகுக்கப்பட்டன. வாக்கிழந்த தொழிலாளியும் அவன் குழந்தையும் அந்த 75,000 பேருள் அடங்குவர். அவர்களை எண்ணிப் பெற்ற இடங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தவர்களோ அயலிலிருந்த சிங்களக் கிராம வாக்காளர்கள். எண்ணப்படாமல் விடப்படுவது ஒரு கொடுமை. எண்ணப்பட்டும் தம் எண்ணிக்கையின் பயனைப் பிறர் கொள்ளக் காண்பது அதனினும் நுட்பமான கொடுமை. 1952ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் இம்மக்களின் சார்பாளர் ஒருவரும் தேர்வு பெறவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் 'இந்திய' என்னும் அடைமொழி நாடுகடத்தலின் அச்சத்தைச் சுமந்தது. 1971இல் 11 இலட்சத்துக்கு மேலிருந்த தொகை 1981இல் 818,656 ஆயிற்று. இக்குறைவில் பெரும்பங்கு திருப்பியனுப்பப்பட்டோருடையது. ஆயினும் நுவரெலியா மாவட்டத்தை நோக்குக. 1981இல் அங்கு 'இலங்கைத் தமிழர்' பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்டிருந்தனர். 2012இலோ ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினர். அச்சத்தால் ஒரு பெயரைப் பூண்டவர்கள், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமைச் சிக்கல் பெரிதும் தீர்ந்தபின் அதனைக் களைந்தனர் எனக் கருத இடமுண்டு. 2024இல் அலை மீண்டும் மறுபுறம் திரும்பியிருக்கிறது. இம்முறை அச்சமா, வேர்கொண்ட மண்ணின் பெயரை விரும்பும் தலைமுறை மாற்றமா என்பதை அட்டவணை சொல்லாது.

இலங்கை வழித் தமிழரையும் 'இந்தியர்' என்னும் தலைப்பினுள் அடக்கிப் பழகிய மலேசியச் சூழலில் இருந்து நோக்குவோருக்கு இச்சிக்கல் சற்று வியப்பளிக்கலாம். அங்கோ அது பெயர்ச் சிக்கல் மட்டுமன்று. தனித்த தேசிய இனமாக ஏற்கப்பட வேண்டும் என்றும், தொகுதி எல்லைகள் மறுவரையப்படும்போது உரிய சார்பாண்மை வேண்டும் என்றும் மலையக அமைப்புகள் எழுப்பும் கோரிக்கைகளுக்கு இவ்வெண்ணே அடிப்படை. அடையாள விருப்பால் ஒருவர் வேறு பிரிவில் இடும் குறி, அவர் வாழும் தோட்டத்தின் அரசியல் வலிமையைக் குறைக்கிறது. படிவத்தில் சாய்கோடிட்டு இரு பெயர்களையும் ஒரே வரியில் வைத்த ஏற்பாடு, 'இந்திய' என்னும் சொல்லை விலக்க விரும்பியவருக்கு அதனை விலக்கும் வழியைத் தரவில்லை.