பெயர்த்து நட்ட வீடுகள்

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பேழைகளே நம் நினைவுக்கு வருகின்றன. 1851-இல் தொடங்கப்பெற்ற சென்னை அருங்காட்சியகத்தில் நாம் பொருள்களுக்கு வெளியே நிற்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவிலோ பொருளுக்குள்ளேயே நுழைகிறோம். அங்கே முதன்மைக் காட்சிப்பொருள் வீடே. டெபோரா தியாகராஜன் 1984-இல் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன், 1996 டிசம்பரில் இதனைத் திறந்தது.

தென்னகத்தின் பல பகுதிகளில் அழியவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து, மரபுவழிக் கைவினைஞரைக் கொண்டு மீண்டும் எழுப்பியுள்ளனர். செட்டிநாட்டு வணிகர் இல்லத்தோடு குயவர் இல்லத்திற்கும் கூடை முடைவோர் இல்லத்திற்கும் இடமளித்திருப்பது இவ்வமைப்பின் தலையாய சிறப்பு. கேரளப் பகுதியில், கோட்டயம் மாவட்டப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு நிற்கிறது. 1850-ஆம் ஆண்டைச் சேர்ந்த அம்மரவீடு, விசுவாசம் தான் வாழும் மண்ணுக்கு அந்நியமாக இருக்கவேண்டியதில்லை என்பதைப் பிரசங்கமின்றியே உணர்த்துகிறது.

ஐயம்பேட்டையிலிருந்து என்னோடு வந்திருந்த முதிய நெசவாளர், காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டின்முன் நெடுநேரம் நின்றார். பின்னர் மெல்லக் கேட்டார்: “வீடு இங்கே வந்துவிட்டது தம்பி. வீட்டுக்காரர் எங்கே போனார்?”

இக்கேள்வியே இத்தகைய அருங்காட்சியகத்திற்கான உரைகல் என எண்ணுகிறேன். எங்கள் ஊரில் தறிக்கு இடம் ஒதுக்கிய பின்னரே மனிதருக்கு இடம். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவர் கை போதாது. கரைப்பக்கம் அமர்ந்து நாடா தள்ளிய கை, பல இல்லங்களில் பள்ளிக்குச் செல்லாத ஒரு சிறுவனின் கை. தூணும் திண்ணையும் அழகைச் சொல்லும். அச்சிறுவனின் இழப்பையோ, முன்பணக் கடனையோ, குழித்தறியில் மரத்துப்போன கால்களையோ அவை சொல்லமாட்டா. பெயர்த்து நட்ட வீட்டில் வாழ்வின் வடிவம் நிலைக்கிறது. வாழ்வின் விலை விடுபட்டுப்போகிறது.

ஆயினும் குற்றத்தை அருங்காட்சியகத்தின்மேல் சுமத்துவது நீதியாகாது. அவ்வீடுகளை அது வெறுமையாக்கவில்லை. வெறுமையான பின்னரே, விறகாகவும் இடிபாடாகவும் போகாமல் காத்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்தது. அது பெயரைக் காக்கும். நெய்பவரின் மகன் தறியில் அமர்வதா வேண்டாமா என்பதைக் கூலியே தீர்மானிக்கும்.

ஆகவே, தட்சிணசித்ராவைக் காணச் செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் இன்னும் தறியோசை கேட்கும் ஒரு தெருவிலும் சற்று நில்லுங்கள். அடுத்த முறை திருமணப் பட்டு எடுக்கையில் விலையை மட்டுமன்று, நெய்தவருக்கு அதில் எவ்வளவு சேர்ந்தது என்பதையும் கேளுங்கள். பெரியவரின் கேள்விக்கு மறுமொழி கூறவேண்டியவர்கள் நாம்தாம்.