‘போல’ உதிர்ந்துவிடும் இடம்

இரவில் பாதிப் பாத்திரத்துக்கு வழித்து வைத்த இட்லி மாவு, விடியும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கரண்டியை விட்டால் குமிழிகள் பொசுபொசுவென்று உடைகின்றன. புளித்த வாடை மூக்கில் ஏறுகிறது. இந்த ஒரு பாத்திரத்துக்குள் பல வகுப்புகளுக்கான உயிரியல் பாடம் இருக்கிறது. உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டி வந்த லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையைச் சிதைத்து லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குகின்றன. அமிலம் மாவைப் புளிக்கவைக்கிறது, வாயு உப்பவைக்கிறது, உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஊட்டியின் மார்கழிக் குளிரில் அதே மாவு பொங்காமல் கிடப்பது ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால், பேச்சு நொதிகளுக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு வரைக்கும் போகும்.

உயிரியலை அன்றாட வாழ்விலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ‘அன்றாட உதாரணம்’ என்ற பெயரில் வெவ்வேறான இரண்டு பொருள்கள் வகுப்புக்குள் வருகின்றன. இட்லி மாவு நொதித்தலுக்கு எடுத்துக்காட்டு. நொதித்தல் அந்தப் பாத்திரத்திலேயே நடக்கிறது. ‘செல் ஒரு தொழிற்சாலை போல’ என்பதோ உவமை. எந்தத் தொழிற்சாலையைத் திறந்தாலும் அங்கே செல் இயங்கும் விதத்தைப் பார்க்க முடியாது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. ‘போல’ இருக்கும்வரை அது உவமை. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் உருவகம். கவிதைக்கு அது அழகு. உயிரியல் வகுப்பில் அந்தப் ‘போல’ உதிரும்போது, கூடவே தவறான புரிதலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எடுத்துக்காட்டின் பலத்தைக் காட்ட ஒரு பெல்லாரி வெங்காயம் போதும். ஓர் அடுக்கின் வெளிப்புறத்திலுள்ள ஊதா நிறச் சவ்வை நகத்தால் மெல்ல உரித்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், செங்கல் அடுக்கிய சுவராகச் செல்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் விளிம்பு வரை ஊதா. ஓரத்தில் கெட்டியான உப்புநீர் ஒரு சொட்டு விட்டால், சில நிமிடங்களில் அந்த ஊதா செல்சுவரை விட்டு விலகி நடுவில் ஒடுங்குகிறது. உப்பை அலசி நல்ல தண்ணீர் விட்டால் மீண்டும் விரிகிறது. அதே சவ்வைக் கொதிநீரில் முக்கி எடுத்தால் நிறம் வெளியே கசிந்துவிடும். அதன்பிறகு உப்புநீர் விட்டாலும் அந்தச் சுருக்கமும் விரிவும் வராது. சவ்வூடு பரவலோடு, உயிருள்ள சவ்வுக்கும் செத்த சவ்வுக்கும் உள்ள வேறுபாட்டையும் பிள்ளை தன் கண்ணால் பார்த்துவிடுகிறது. இதற்குப் பெரிய ஆய்வகம்கூடத் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் அறிவித்த ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியின் பாகங்களுக்கு அப்போது ஆன செலவு ஒரு டாலருக்கும் குறைவு.

ஆனால் எடுத்துக்காட்டும் சறுக்கும். ஊறவைத்த கொண்டைக்கடலை உப்புவதைச் சவ்வூடு பரவல் என்று சொல்லிவிடுவது எளிது. உலர்ந்த விதையிலுள்ள புரதமும் ஸ்டார்ச்சும் நீரை ஈர்த்துப் பருப்பதுதான் அங்கே முதலில் நடக்கிறது. அதற்குப் பெயர் உள்ளீர்த்தல். துகள்கள் தாமாகவே பரவும் விரவலுக்குக் காட்டப்படும் ஊதுபத்தியும் அப்படித்தான். அதன் மணம் சில நொடிகளில் கூடத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்றோட்டத்தால். முழுக்க அசையாத காற்றில் விரவலை மட்டும் நம்பினால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தூரம் 10 மடங்கானால் விரவலுக்கு ஆகும் நேரம் 100 மடங்காகும். செல்கள் ஏன் அவ்வளவு சிறியவை, பெரிய உடலுக்கு ஏன் இரத்த ஓட்டம் வேண்டும் என்பதற்கான விடை இந்த மந்தத்தில்தான் இருக்கிறது. ஊதுபத்தி அதையே மறைத்துவிடுகிறது.

இவற்றைவிடக் கவலை தருவது நாக்கை உருட்டிக் காட்டச் சொல்லும் மரபியல் பாடம். அது ஒரே மரபணுவின் வேலை என்ற எண்ணம் 1940இல் மரபியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. 1952இல் பிலிப் மாட்லாக் ஒரே கருவிலிருந்து பிரிந்த 33 இரட்டையர் சோடிகளைப் பார்த்தார். அவற்றில் 7 சோடிகளில் ஒருவருக்கு நாக்கு உருண்டது, மற்றவருக்கு உருளவில்லை. ஸ்டர்டிவன்டே பிறகு தம் கருத்தை விட்டுவிட்டார், வகுப்பறைகள் விடவில்லை. பெற்றோர் இருவருக்கும் நாக்கு உருளாமல் தனக்கு மட்டும் உருளும் பிள்ளை, அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன கேட்கும்? பதில் சொல்ல வேண்டிய தாயின் நிலை என்ன? எளிமைக்காகச் சொன்ன தவறுக்கு ஒரு குடும்பம் விலை கொடுக்க நேரலாம்.

உவமையைத் தள்ளிவிடவும் முடியாது. ‘செல்’ என்ற பெயரே ஓர் உவமையில் பிறந்தது. தக்கையின் நுண்ணிய கண்ணறைகளுக்கு 1665இல் ராபர்ட் ஹூக் சிறு அறையைக் குறிக்கும் சொல்லை வைத்தார். நொதியையும் அது வினைபுரியும் பொருளையும் 1894இல் எமில் ஃபிஷர் பூட்டும் சாவியுமாகக் கண்டார். பூட்டு வளையாது, நொதியோ வளைகிறது என்பதால் 1958இல் டேனியல் கோஷ்லண்ட் அதைத் திருத்தினார். அவருடைய கருத்தைக் கைக்கேற்ப வடிவம் கொள்ளும் கையுறையாக விளக்குவது இன்று வழக்கம். அறிவியல் உவமையைக் கையாளும் முறை இது: பொருந்தும்வரை வைத்துக்கொள்கிறது, பொருந்தாத இடம் தெரிந்ததும் மாற்றுகிறது.

பள்ளியில் இந்த இரண்டாம் பாதி நடப்பதில்லை. ‘இலை தாவரத்தின் சமையலறை’ என்ற வாக்கியத்தைப் பிள்ளைகள் அப்படியே கொண்டுபோகிறார்கள். சமையலறைக்கு அரிசியும் பருப்பும் கடையிலிருந்து வருகின்றன. அப்படியானால் செடிக்கு மண்ணிலிருந்து வர வேண்டும், உரம்தான் செடியின் சோறு. பட்டம் பெற்றவர்களைக் கேட்டாலும் மரத்தின் எடை மண்ணிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் வான் ஹெல்மான்ட் என்ற அறிவியலாளர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்தது, மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ். 1648இல் அச்சான சோதனை இது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் நினைத்தது தவறு. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். அது இலைத்துளை வழியே காற்றிலிருந்து வந்தது.

உவமையைச் சொன்ன ஆசிரியர் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ‘பொருந்துவது’, மறுபக்கம் ‘பொருந்தாதது’ என்று எழுதிப் பிள்ளைகளிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தால் பத்து நிமிடம் ஆகும். முதல் பக்கம் சீக்கிரம் நிரம்பும்: இங்கேதான் உணவு உண்டாகிறது, மற்ற உறுப்புகளுக்கும் இங்கிருந்தே போகிறது. மறுபக்கத்தில் கொஞ்சம் தயக்கம் இருக்கும். அடுப்பு எங்கே என்று யாராவது கேட்பார்கள். சமையலறை எரிபொருளை எரிக்கிறது, இலை சூரிய ஒளியை வாங்கி எரிபொருளைச் சேர்த்து வைக்கிறது என்ற வரி அங்கே வரும். அதற்குக் கீழே, வெளிச்சமே படாத வேர் எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று இன்னொரு பிள்ளை எழுதும்.