பெயர் கேட்காத குற்றம்

பதினைந்து வருஷங்களுக்கு முன், கதிர்காமம் முருகன் கோயிலில் ஒரு கிருத்திகை இரவு. சுவாமி பள்ளியறைக்குப் போகும் வேளையில் ஒரு கிழவர் நாகஸ்வரத்தில் நீலாம்பரியை எடுத்தார். வீட்டுக்குக் கிளம்பியவன் அப்படியே தூணடியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அநுபவத்தை வைத்து ஒரு கதையும் எழுதினேன். கதையில் அவர் வெறும் 'நாகஸ்வரக்காரர்'. பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்று கேட்கலாமென்றால் அவரும் இல்லை, சொல்லக்கூடியவர்களும் இல்லை.

பி. எம். சுந்தரத்தின் 'மங்கல இசை மன்னர்கள்' நூலைப் புரட்டும்போதெல்லாம் இந்தக் குற்றம் மனத்தைக் குத்துகிறது. தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகன் அவர். நம் புதுச்சேரி வானொலியில் பணியாற்றியவர். நாகஸ்வர, தவில் கலைஞர்களின் வாழ்க்கையைத் தேடித் தேடித் தொகுத்திருக்கிறார்.

கதாசிரியர்களாகிய நாங்கள் என்ன செய்தோம்? கொத்தமங்கலம் சுப்பு 'தில்லானா மோகனாம்பாள்' எழுதினார். சிக்கல் சண்முகசுந்தரத்தை நாடே அறியும். ஆனால் 1968-இல் வந்த படத்தில் சிவாஜி கணேசனுக்காக உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று சொல்லிப் பாருங்கள். 'அப்படியா!' என்பவர்களே அதிகம். கற்பனைப் பெயர் நிலைத்தது. மூச்சைக் கொடுத்தவர்களின் பெயர் மங்கிவிட்டது.

இசைத்தட்டு இருக்கிறதே என்பீர்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) தோடி தட்டில் இருப்பது உண்மைதான். ஆனால் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்று நிமிஷச் சொச்சம். மணிக்கணக்கில் விரிந்த ஆலாபனையில் அது ஒரு சிட்டிகை. தவிரவும், தட்டு வியாபாரிக்கு வேண்டியது விலைபோகும் பெயர். ஒத்து ஊதியவரையும் தாளம் போட்டவரையும் யார் தேடினார்கள்?

நம் ஊரைப் போலவே பிரெஞ்சுக்காரர் சுவடு பதிந்த அமெரிக்க லூசியானாவில், 1934-இல் ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் ஒலிப்பதிவு யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். சாதாரணக் குடியானவர்கள் பாடிய பாட்டும் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்துக்குச் சேர்ந்தது. அங்கே ஒரு நூலகம் பின்னால் நின்றது. இங்கே தனிமனிதர் ஒருவர் நடையாய் நடந்திருக்கிறார். அதனால்தான் இந்நூலைப் பெரிதாக மதிக்கிறேன்.

எனக்குள்ள குறையெல்லாம் தலைப்பின் மேல்தான். 'மன்னர்கள்' என்றதுமே குடிமக்கள் வாசலில் நின்றுவிடுகிறார்கள். ஊர்க் கோயிலைத் தாண்டாமலே வாசித்து முடிந்தவர்களும் இந்தக் கலையைக் காப்பாற்றியவர்களே. ஆனால் அவர்களை எழுதுவது சுந்தரம் ஒருவர் தலைமேல் ஏற்றும் பாரமல்ல. அந்தந்த ஊர்க்காரன் வேலை.

சென்ற மாதம் அதே கோயிலில் ஓர் இளைஞர் வாசித்தார். பெயர், ஊர், யாரிடம் பாடம் என்று விசாரித்தேன்.

"எதற்கு சார்?" என்றார்.

"எழுதி வைத்துக்கொள்ளத்தான்."

சீவாளியைத் துடைத்துக்கொண்டே தம் பெயரைச் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, தம் தாத்தாவின் பெயரையும் நிதானமாகச் சொன்னார்.