புள்ளி விழுவது சாற்றில்

பிரான்சின் லியோன் நகரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பொக்யூஸ் தோர் போட்டியைச் சமையலின் உலகக்கோப்பை என்பதில் மிகை இல்லை. 1987இல் பிரெஞ்சுச் சமையற்கலைஞர் பால் பொக்யூஸ் தொடங்கிவைத்த அந்தக் களத்தில் கடிகாரம் ஓடும், நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், ரசிகர்கள் கொடி பிடித்துக் கத்துவார்கள். 2013இல் அங்கே வெண்கலம் வென்ற நோரியுகி ஹமாதா, அங்கே பரிசு மேடையேறிய முதல் ஜப்பானியர். 2020இல் பாரிஸில் உணவகம் நடத்தும் கெய் கொபயாஷி, பிரான்ஸ் மண்ணில் மூன்று மிஷலின் நட்சத்திரம் பெற்ற முதல் ஜப்பானியரானார். அடுத்தவர் மைதானத்தில், அடுத்தவர் எழுதிய விதிகளின்படி ஆடி இந்த வெற்றிகள் எப்படி வந்தன? உழைப்பு, ஒழுங்கு என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். உழைக்காமல் எந்தச் சமையலறை நடக்கிறது? என் கணிப்பில் காரணம் சாற்றில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் எலும்பையும் காய்கறியையும் மணிக்கணக்கில் அடுப்பில் வைத்துச் சாறு இறக்குவார்கள். அதில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்தால் கலங்கலெல்லாம் மேலே அடையாகத் திரளும். அடியில் தெளிந்து நிற்பதை வடித்தால் கன்சோமே. ஜப்பானின் தாஷிக்கு அத்தனை நேரம் ஆகாது. கொன்பு என்ற கடற்பாசியைப் போட்டுச் சூடாக்கி, தண்ணீர் கொதிக்கும் முன் எடுத்துவிட்டு, புகைபோட்டுக் காயவைத்த சூரை மீனைச் சீவிப் போட்டு, சற்று நேரத்தில் வடிகட்டிவிடுவார்கள். 1908இல் வேதியியலாளர் கிகுனே இகேடா கொன்பிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட்டும், சூரையில் உள்ள இனோசினேட்டும் சேரும்போது சுவை கூடுவதில்லை, பெருகுகிறது. 1960இல் ஒசாகாவில் ட்சுஜி ஷிசுவோ தொடங்கிய சமையல் பள்ளிக்குப் பொக்யூஸே வந்து பாடம் நடத்தியிருக்கிறார். அடுப்புச் சூட்டையும் கத்தியையும் சாஸையும் பிரெஞ்சுக்காரரிடம் கற்றுக்கொண்ட தலைமுறை தாஷியை மட்டும் கைவிடவில்லை. அதனால்தான் வெண்ணெயும் கிரீமும் ஒதுங்க, தட்டில் மீனின் சுவை முன்னுக்கு வந்தது.

இதே அளவுகோலை நம் பக்கம் வைத்துப் பார்க்கலாம். முகூர்த்த நாளில் சென்னை வடபழனி முருகன் கோயிலைச் சுற்றியுள்ள மண்டபங்களில் ரசம் வைக்கும் கைகளுக்கு இந்த நுட்பம் புதிதல்ல. பருப்புத் தண்ணீர் விளாவியதும் நுரை கூடி அண்டாவின் விளிம்புக்கு வரும். தளதளவென்று கொதிக்க விட்டால் மணம் போய்விடும், அந்த நொடியில் இறக்க வேண்டும். பந்தியில் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றுவது தெளிவு, அடியில் தங்குவது மண்டி. கன்சோமேயைவிட தாஷிக்கே இது நெருங்கிய சொந்தம். வடபழனிக்குப் பக்கத்திலேயே, கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டலில் 2017இல் திறந்த ஆவர்தனா உணவகம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. அங்கே பளிங்குபோல் தெளிந்த தக்காளி ரசம் கொத்தமல்லி மணத்தோடு மார்ட்டினி கிளாஸில் வரும். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் அந்த உணவகம் 2024இல் 44ஆம் இடம், 2025இல் 30ஆம் இடம். ஏழு முதல் பதின்மூன்று வகைகள் வரை அடுத்தடுத்து வரும் விருந்தில் பலரின் நினைவிலும் நிற்பது அந்த ரசம்தான்.

பட்டியல் என்பது வாக்களிப்பவர்களின் ரசனை, அது ஸ்கோர்போர்டு ஆகாது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் சாட்சி அது ஒன்று மட்டுமல்ல. திண்டுக்கல் மாவட்டத்துக்காரரான சமையற்கலைஞர் விஜய் குமார், நியூயார்க்கின் 'செம்மா' உணவகத்தில் நத்தையைப் பூண்டு வெண்ணெயில் முக்கி பிரெஞ்சுப் பாணியில் தரவில்லை. ஊரில் செய்வதுபோல் பிரட்டலாகவே பரிமாறினார். 2025இல் அமெரிக்கச் சமையல் உலகின் ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது. மண்டப ரசத்துக்குப் பிரெஞ்சு நுணுக்கம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. பந்திக்கு அது தேவையே இல்லை. ரசத்தைச் சுண்டவைத்து சாஸாக்க, அதில் மீனைச் சரியான சூட்டில் வேகவைக்க, பத்து வகைகளை வரிசை குலையாமல் மேசைக்கு அனுப்பத்தான் அந்தப் பயிற்சி. ரசத்தின் ருசியை அதனால் உண்டாக்க முடியாது.

நாம் இன்னும் இறக்காத ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார்: மாசி. லட்சத்தீவின் மினிக்காயில் வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் கட்டையாகக் காயவைக்கும் அந்த மாசிக் கருவாடும் ஜப்பானியர் தாஷிக்குச் சீவும் சூரையும் ஒரே மீன். தக்காளியில் குளுட்டமேட் நிறைய, மாசியில் இனோசினேட். தக்காளி ரசத்தில் மாசி இறங்கினால் தாஷியின் அதே கணக்கு நம் அடுப்பிலேயே கூடிவரும். கவிச்சி அடிக்கும் என்பார்கள். நாம் இடித்துப் பொடியாக்கி நேரம் போகக் கொதிக்கவிடுகிறோம். ஜப்பானியர் இழைப்புளியில் காகிதம்போல் சீவி, சற்று நேரமே ஊறவிட்டு, பிழியாமல் வடிக்கிறார்கள். ஒரு மாசிக் கட்டையையும் கூரான இழைப்புளியையும் வைத்துக்கொண்டு இதைச் சென்னையின் எந்தச் சமையலறையும் நாளைக்கே சோதித்துப் பார்க்கலாம். முதலில் அந்தச் சோதனை நடக்க வேண்டும், தட்டின் அலங்காரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.